பிரிட்ஜ்வாட்டர் நவம்பர் விழாவும் திருச்சபையின் ஜெபமும்

இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் பகுதியில், பாரெட் ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிறிய ஊர் பிரிட்ஜ்வாட்டர். ஆண்டுதோறும் நவம்பர்த் தொடக்கத்தில் இவ்வூரார் இரவில் ஓர் ஒளி ஊர்வலம் நடத்துகின்றனர். பல்லாயிரம் மின்விளக்குகள் பதித்த, நூறடி வரை நீளும் அலங்கார வண்டிகளை டிராக்டர்கள் இழுத்துச் செல்கின்றன. ஊர்ச் சங்கத்தார் இவ்வண்டிகளைப் பல மாதங்கள் கூலியின்றி உழைத்துக் கட்டுகின்றனர். வழியில் திரட்டப்படும் காசு அறப்பணிகளுக்குப் போகிறது. இவ்விழாவின் வேர்களுள் ஒன்று திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில் இருந்தது என்பதை ஆயர்களாகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1605 நவம்பர் 5ஆம் நாள், முதலாம் ஜேம்ஸ் அரசரையும் பாராளுமன்றத்தையும் வெடிமருந்தால் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் செய்த சதி வெளியாயிற்று. காவல் நின்ற கை ஃபாக்ஸ் பிடிபட்டார். சதி செய்தோர் ஒரு சிறு கூட்டத்தாரே. ஆயினும் 1606இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஆண்டுதோறும் அந்நாளில் ஆலயந்தோறும் நன்றி ஆராதனை நடைபெறவேண்டும், மக்கள் வரவேண்டும், குருவானவர் அச்சட்டத்தையே சபையார் முன் வாசிக்கவும் வேண்டும். அதற்கென எழுந்த ஆராதனை முறைமை பின்னர்ப் பொது ஜெபப் புத்தகத்தோடு இணைக்கப்பட்டது. விடுதலைக்காகக் கடவுளைத் துதிப்பது நியாயமே. ஆனால் அத்துதியோடு அயலானைப் பழிக்கும் சொற்களும் பீடத்தினின்று ஒலித்தன. பகலில் ஆலயத்தில் கேட்டதை இரவில் தெருவில் உருவபொம்மையாக எரித்தனர் எனலாம்.

பிரிட்ஜ்வாட்டரில் இவ்வார்வம் மிகுந்ததற்கு உள்ளூரார் ஒரு காரணம் கூறுவர். அருகிலுள்ள நெதர் ஸ்டோவியில் 1546இல் பிறந்த இராபர்ட் பார்சன்ஸ் என்னும் இயேசு சபைக் குருவே சதிக்குத் தூண்டுகோல் என்பது அவர்கள் நம்பிக்கை. அவரோ அக்காலத்தில் ரோமாபுரியில் ஆங்கிலக் கல்லூரியின் தலைவராயிருந்தார்! நம் பார்வையில் இஃது ஊர்க் கதையேயன்றி வரலாறு அன்று. இவ்வூரார் கொடிய மனத்தரும் அல்லர். அடிமை வியாபாரத்தை எதிர்த்து 1785இல் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பிய ஊர் இது. பிரித்தானியாவில் அவ்வாறு செய்த முதல் ஊர் என்பர். கடலுக்கப்பால் வாடிய அடிமைக்காகப் பேசியவர்களுக்கு, அண்டை வீட்டுக் கத்தோலிக்கரின் மனநோவு எட்டவில்லையோ?

1829இல் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை கிடைத்தது. அதன் பின்னரும் முப்பது ஆண்டுகள் அந்த ஆராதனை புத்தகத்தில் நின்றது. 1859இல் தான் அது நீக்கப்பட்டது, சட்டமும் ரத்தாயிற்று. ஆக, 253 ஆண்டுகள்.

தெருவில் நெருப்பு அணையவில்லை. கார்ன்ஹில் சதுக்கத்தில் பழைய மரப்படகையும் தார்ப் பீப்பாய்களையும் குவித்து எரிப்பது தொடர்ந்தது. 1880இல் கலகம் மூண்டது. மறு ஆண்டே ஊரார் ஒரு குழு அமைத்து, ஊர்வலத்தை ஒழுங்குக்குள் கொணர்ந்தனர். நாளடைவில் பெரு நெருப்பு நின்றது; வேடமும் இசையும் ஒளியும் அவ்விடத்தை நிரப்பின. பகையைத் தெருவுக்குக் கற்பித்ததில் குருமாருக்குப் பங்குண்டு. அதனை விளையாட்டாகவும் தருமமாகவும் மாற்றிய பெருமையோ பெரும்பாலும் ஊராருடையதே.

இன்று ஊர்வலம் முடிந்ததும், நூற்றுக்கு மேற்பட்டோர் வீதி நெடுகிலும் வரிசையாய் நின்று, நீண்ட கோல்களில் கட்டிய வாணங்களைத் தலைக்குமேல் ஒருங்கே ஏந்துகின்றனர். தீப்பொறி மழையாய்ச் சொரிகிறது. விழாவின் முழுப் பெயரில் மட்டும் கை ஃபாக்ஸ் இன்றும் இருக்கிறார்.