நாணயத்தின் நாணயம்: கள்ளக் காசைக் கண்டுபிடித்த கருவிகளின் கதை

காவிரி கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்குள் நுழையும் இடம் ஒகேனக்கல். தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அருவி, பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் தண்ணீரோடு சேர்ந்து இன்னொன்றும் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தது. அது காசு!

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்தான் பாராமகால். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதன் முதல் கலெக்டர் ஆனார். பின்னாளில் சென்னை கவர்னராக வந்த தாமஸ் மன்றோ, அவருக்கு உதவியாளராகத் தர்மபுரியில் இருந்து நிலவரி வேலையைப் பார்த்தார். 1799-இல் திப்பு இறக்கும் வரை இந்தப் பக்கம் கம்பெனி, அந்தப் பக்கம் மைசூர். கம்பெனியின் நட்சத்திர வராகன், மைசூரின் கண்டீராய் பணம், திப்புவின் சுல்தானி பணம், மலையாளத்திலிருந்து வந்த வீரராயன் பணம் என்று தென்னாட்டில் ஓடிய காசுகளுக்குக் கணக்கே இல்லை. 1800-இல் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் மைசூரிலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாகக் கீழே இறங்கி வந்தார். விளைச்சலையும் நெசவையும் எழுதியதைப் போலவே, எந்தக் காசுக்கு என்ன மதிப்பு என்பதையும் தன் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். ஒரு பயணிக்குக்கூடக் காசு அவ்வளவு பெரிய தலைவலி!

பயணிக்கே இப்படி என்றால் விவசாயிக்கு? அவன் கையில் இருந்த தங்கப் பணம் ஏறத்தாழ 0.35 கிராம். அதாவது மூன்று குன்றிமணி எடை. கீழே விழுந்தால் மண்ணில் தேட வேண்டும். கண்டீராய் கணக்கில் பத்துப் பணம் சேர்ந்தால் ஒரு வராகன். ஆனால் அந்தக் கண்டீராய் வராகன் என்று ஒரு காசே கிடையாது, கணக்கில் மட்டும்தான் இருந்தது. இப்படிப்பட்ட உலகத்தில் "இது நல்ல காசா, கள்ளக் காசா?" என்ற கேள்வி எழுந்தால் விவசாயியால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

நோட்டக்காரர்

பழைய தமிழகக் கிராமங்களின் ஊழியர் பட்டியலில் மணியக்காரர், கணக்குப்பிள்ளை, வெட்டியான், தட்டான் ஆகியோரோடு நோட்டக்காரர் என்ற பெயரும் வரும். வரியாகக் கட்டும் காசைப் பார்த்துத் தரம் சொல்வதுதான் அவர் வேலை. "நோட்டம் பார்ப்பது" என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குக் காசைச் சோதிப்பது என்ற பொருளும் உண்டு. நகரத்தில் இதே வேலையைச் செய்தவர்கள் சராப்புகள். ஒரு காசை வாங்கி வேறு காசு கொடுக்க அவர்கள் பிடித்துக்கொண்ட கழிவுக்கு "வட்டம்" என்று பெயர். காசு தேய்ந்திருக்கிறது, மாற்று குறைவு, வேற்று நாட்டுக் காசு என்று எதைச் சொன்னாலும் வட்டம் கூடும். மறுத்துப் பேச விவசாயியிடம் கருவி எதுவும் இல்லை.

இந்தத் தொழில் மிகப் பழமையானது. சங்கப் புலவர்களில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று சிலர் உண்டு. வண்ணக்கன் என்றால் நாணயச் சோதகன். இலங்கையின் மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை இன்றும் "வண்ணக்கர்" என்றே அழைக்கிறார்கள். காசைச் சோதித்தவர் பெயர் நம்பிக்கைக்கு உரியவர் பெயராகவே நிலைத்துவிட்டது. "நாணயம்" என்ற சொல்லும் அப்படித்தான். காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நாணயம் பார்ப்பவனை "ரூபதர்சகன்" என்கிறது. சோதனைக் கட்டணமாக நூறு பணத்துக்கு அரைக்கால் பணம் (1/8) வாங்கலாம் என்று விதியும் வகுக்கிறது.

உரைகல்லும் உளியும்

நோட்டக்காரரின் முக்கியமான கருவி உரைகல். வழவழப்பான கறுப்புக் கல். அதில் தங்கத்தை உரசினால் ஒரு கோடு விழும். தரம் தெரிந்த தங்க ஆணியால் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவார்கள். "ஆணிப்பொன்", "பத்தரை மாற்றுத் தங்கம்" என்ற வழக்குகள் இந்தச் சோதனையைச் சுற்றிப் பிறந்தவை. திருக்குறளில் இதற்குக் கட்டளைக்கல் என்று பெயர். ஒருவர் செய்யும் செயலே அவருக்குக் கட்டளைக்கல் என்கிறார் வள்ளுவர். இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன், "ஆடவல்லான்" என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்று கல்வெட்டு சொல்கிறது. கொடுப்பவர் மன்னரே ஆனாலும் நிறுத்துத்தான் வாங்கினார்கள்!

உரைகல் மலிவானது, எளிதானது, எங்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். உள்ளே செம்பு, வெளியே வெள்ளிப் பூச்சு என்றால் உரைகல் ஏமாந்துவிடும். பழங்கால முத்திரைக் காசுகளிலும் உரோமானியர்களின் தினாரிகளிலும் இப்படிப்பட்ட போலிகள் கிடைத்திருக்கின்றன. அதனால்தான் காசை உளியால் வெட்டி உள்ளே பார்க்கும் வழக்கம் பண்டைய உலகில் இருந்தது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள கறுக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னர் தலையின் மேல் வெட்டு விழுந்திருக்கிறது. காசைச் செல்லாததாக்கப் போட்ட வெட்டு என்று ஒரு சாராரும், சோதனைக்காகப் போட்டது என்று ஒரு சாராரும் சொல்கிறார்கள்.

இரண்டாவது குறை பெரியது. உரைகல்லைப் படிக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சி உள்ளவர் நினைத்தால் ஏமாற்றவும் செய்யலாம். நகத்துக்குள் காவித்தூளை வைத்துக்கொண்டு உரைகல்லின் மேல் தூவி நிறத்தை மாற்றும் மோசடியை அர்த்தசாஸ்திரம் அன்றே எச்சரித்திருக்கிறது. தராசைச் சாய்ப்பது பற்றியும் சொல்கிறது. ஆக, சோதிக்கும் கருவி இருந்தால் மட்டும் போதாது. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கடைக்காரன் கைக்கு வந்த கருவி

இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல விடை இங்கிலாந்தில் கிடைத்தது. அங்கே தங்கக் காசுகளைச் சுரண்டியும் அரம் கொண்டு தேய்த்தும் தங்கத்தைத் திருடுவது பெரிய தொழிலாக இருந்தது. 1770-களில் ஆர்ம்ஸ்கர்க் என்ற ஊரில் வில்கின்சன் என்ற பெயர் கொண்ட கைவினைஞர்கள், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மடக்கும் தராசுகளைச் செய்து விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதைவிட எளிய ஒன்று கடைகளுக்கு வந்தது. பித்தளையால் ஆன சின்ன ஏற்றப் பலகை போன்ற கருவி. ஒரு முனையில் சவரன் காசின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாக ஒரு பிளவு. காசை அதில் செருகினால், எடை சரியாக இருந்தால் அந்த முனை சாயும்.

இதில் உள்ள அறிவியல் அழகானது. சவரன் காசின் எடை 7.98 கிராம், 22 காரட். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 19.3 கிராம், செம்பு கலந்த 22 காரட்டுக்குச் சுமார் 17.5. பித்தளைக்குச் சுமார் 8.5 தான். பித்தளையில் அதே எடையில் காசு செய்ய வேண்டும் என்றால் அதை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். பெரிதாகச் செய்தால் பிளவில் நுழையாது. சிறிதாகச் செய்தால் முனை சாயாது. ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் அதே அடர்த்திச் சோதனைதான் இது. தண்ணீர் வேண்டாம், கணக்கு வேண்டாம், படிப்பும் வேண்டாம். முக்கியமாக, நிபுணர் வேண்டாம்!

அந்தச் சவரன் நம் ஊருக்கும் வந்தது. 1899-இல் 15 ரூபாய்க்கு ஒரு சவரன் என்று சட்டப்படி செல்லும் காசாக ஆனது. 1918-இல் மட்டும் பம்பாயிலேயே சவரன் அச்சடித்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 8 கிராம் தங்கத்தைச் சவரன், பவுன் என்று சொல்வது இந்தக் காசின் நினைவுதான். ஆனால் நம் வீடுகளில் சவரன் காசுமாலையில் ஏறிவிட்டது. வளையம் பற்றவைத்த காசு பிளவுக்குள் போகாது, எடையும் மாறிவிடும். ஆகவே சோதனை மறுபடியும் நகைக்கடையின் உரைகல்லுக்கே போனது.

ஒரே ரூபாய்

சராப்பின் வட்டத்தைக் குறைத்தது கருவியை விடச் சட்டம்தான். 1818-இல் சென்னை மாகாணத்தில் வராகனுக்குப் பதிலாக வெள்ளி ரூபாய் அடிப்படை நாணயமானது. 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. எல்லாக் காசும் ஒரே மாதிரி என்றால் சாதாரண மனிதனும் சோதிக்கலாம். கல்லில் போட்டுச் சுண்டினால் "கணீர்" என்று கேட்க வேண்டும். ஈயம் கலந்தது "டொக்" என்று கேட்கும். பல ஆண்டுகளுக்கு இந்தியச் சந்தைகளில் ரூபாயைச் சுண்டிப் பார்ப்பது சாதாரணக் காட்சி. காதுதான் கருவி, செலவு ஒன்றும் இல்லை. 1940-இல் போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோது, கள்ளக் காசைத் தடுக்க விளிம்பில் தனிப் பள்ளம் (பாதுகாப்பு விளிம்பு) வைத்தார்கள்.

இன்றைய மலிவுக் கருவி

இப்போது பெரிய கடைகளில் எக்ஸ் கதிர் கொண்டு மாற்றுப் பார்க்கும் இயந்திரங்கள் உள்ளன. விலை பல லட்சம். சாதாரண மக்களுக்கு எட்டாது. ஆனால் சில நூறு ரூபாயில் கிடைக்கும், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் ஆர்க்கிமிடீஸ் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். முதலில் காசின் எடையைப் பார்க்க வேண்டும். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் முழுதும் மூழ்க விட்டால் தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி.

8 கிராம் சுத்தத் தங்கக் காசு என்றால் 0.41 காட்டும், பித்தளை என்றால் 0.94. 10 கிராம் வெள்ளிக் காசு 0.95 காட்டும், செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு என்றால் 1.12, பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வர் என்றால் சுமார் 1.15.

இதற்கும் எதிரி உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. தங்கத்தோடு கிட்டத்தட்ட ஒன்று. உள்ளே டங்ஸ்டன் வைத்துத் தங்கம் பூசினால் உரைகல்லும் ஏமாறும், தண்ணீரும் ஏமாறும். ஆனால் டங்ஸ்டனில் மின்சாரம் தங்கத்தைப் போல அவ்வளவு எளிதாக ஓடாது. சுண்டினால் வரும் ஒலியும் வேறு. வெள்ளியிலும் இப்படித்தான். வலுவான காந்தத்தைச் சாய்வான வெள்ளியின் மேல் விட்டால், சுழல் மின்னோட்டத்தால் மெதுவாக வழுக்கும். செம்பிலும் அப்படியே வழுக்கும், ஆனால் செம்பு தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். ஒரு சோதனையை ஏமாற்றலாம்; வெவ்வேறு குணத்தைப் பார்க்கும் இரண்டு சோதனைகளைச் சேர்த்து ஏமாற்றுவது கடினம். மலிவுக் கருவி செய்ய நினைக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். பித்தளை ஏற்றப் பலகை எடையையும் அளவையும் சேர்த்துப் பார்த்ததால்தான் வென்றது.

அரசும் தன் பங்குக்கு 2021 ஜூன் முதல் படிப்படியாகத் தங்க நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கியது. 2023 ஏப்ரல் முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு வேண்டும். அதைக் கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு யாரும் சரிபார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பாட்டி வைத்துவிட்டுப் போன பழைய காசில் அந்தக் குறியீடு இருக்காது. அடகுக் கடையிலும் வங்கியிலும் அதன் மதிப்பைச் சொல்வது இன்றும் மதிப்பீட்டாளர்தான். 2021-இல் தமிழகக் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காக ஆய்வு நடந்தபோது, போலி நகைகளுக்குக் கடன் கொடுத்திருந்ததும் வெளியே வந்தது. உரைகல் இருந்தும், ஆள் இருந்தும் நடந்தது அது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியில் வரும் மோசடி ஒன்று உண்டு. "மண் தோண்டும்போது புதையல் கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறோம்" என்று சொல்லி ஒரு தங்கக் காசைக் கொடுப்பார்கள். "எந்தக் கடையில் வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள்" என்பார்கள். சோதித்தால் அது நல்ல தங்கமாகவே இருக்கும்! பணத்தைக் கொடுத்து மூட்டையை வாங்கி வந்த பிறகுதான் மற்றதெல்லாம் பித்தளை என்று தெரியும். அவர்கள் எந்தக் கருவியையும் ஏமாற்றவில்லை. எந்தக் காசைச் சோதிப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

பாராமகால் விவசாயிக்கு நேர்ந்ததும் இதுவே. கல் நோட்டக்காரர் கையில், முடிவும் அவர் கையில். இன்று தராசும் தண்ணீரும் நம் கையிலேயே இருக்கின்றன. மூட்டையில் எந்தக் காசை எடுத்துச் சோதிப்பது என்பதையும் வாங்குபவரே முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் காசு வாங்காமல் இருப்பதே நல்லது.