முகப்பூச்சின் அளவுகோல்: முகப்பரு ஆராய்ச்சி வரலாற்றில் தொழிலாளியும் கைதியும்

எண்ணெய்ப்பசை மிகுந்த, முகப்பரு தோன்றும் இயல்புடைய தோலுக்கு எத்தகைய ஈரப்பூச்சு பொருந்தும் என்பது இன்று தனிமனிதத் தெரிவு சார்ந்த வினாவாகவே கருதப்படுகின்றது. கடையிலே போத்தலைக் கையிலெடுப்பவர், 'துளைகளை அடைக்காதது' எனப் பொருள்படும் 'நொன்-கொமிடோஜெனிக்' என்ற சொல் அதன் லேபலிலே உள்ளதா எனத் தேடுகின்றார், காணின் அமைதியடைகின்றார். அச்சொல்லின் பின்னாலுள்ள அளவுகோல் எங்குத் தோன்றியது, எவருடைய தோலின்மீது வளர்ந்தது என்பன பொதுவாக எழுப்பப்படாத வினாக்களாகும். அறிவியலின் எந்த அளவுகோலும் சமூக உறவுகளுக்கு வெளியே பிறப்பதில்லை என்பதற்கு இச்சிறு சொல்லின் வரலாறு தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

மயிர்ப்புடைப்பின் வாயிலிலே இறந்த கலங்களும் நெய்ச்சுரப்பும் சேர்ந்து அடைப்பாக இறுகுவதே முகப்பருவின் தொடக்கமாகும். இவ்வடைப்பே 'கொமிடோன்' எனப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சந்தைக்கு வந்த 'ஸ்னோ' வகைப் பூச்சுகள், தடவியதும் மறைந்து எண்ணெய்ப் பளபளப்பை விட்டுச்செல்லாமையால் வரவேற்கப்பட்டன. குடியேற்ற ஆட்சிக்கால வாணிகத்தின் வழி எமது வீடுகளுக்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது. ஆயின் அன்று அளவுகோலாக அமைந்தது கண்ணுக்குத் தெரியும் தோற்றம் மட்டுமே. பூச்சொன்று துளையை அடைக்குமா என்ற வினா அழகுசாதன உலகிலே பிறக்கவில்லை. அது தொழிற்சாலையிலே பிறந்தது.

ஜேர்மனியின் குளோரின் உற்பத்திச் சாலைகளிலே பணிபுரிந்த தொழிலாளரின் முகத்திலும் உடலிலும் கொடிய பருக்கள் தோன்றியதை மருத்துவர் கார்ல் ஹேர்க்ஸ்ஹைமர் 1899இல் விவரித்து, அதற்குக் 'குளோரின் பரு' எனப் பெயரிட்டார். பின்னர் குளோரின் ஏற்றப்பட்ட ஐதரோகாபன்களின் உற்பத்தி பெருகிய இடங்களிலெல்லாம் இந்நோயும் பெருகிற்று. எச்சேர்வை இதனை விளைவிக்கும் என்பதை அறியவேண்டிய தேவை முதலாளிகளுக்கும் ஏற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் டவ் இரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 1941இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, முயலின் காதில் இத்தகைய பொருட்களைத் தடவி, மயிர்ப்புடைப்புகளில் அடைப்பு உண்டாகின்றதா எனப் பார்க்கும் முறை விளக்கப்பட்டது. பிற்காலத்து 'கொமிடோஜெனிக்' சோதனையின் மூலவடிவம் இதுவேயாகும். தொழிலாளியின் நோயே இந்த அளவுகோலின் முதற் காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது கட்டம் பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையோடு தொடர்புடையது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல்நோய் அறிஞர் அல்பேர்ட் கிளிக்மன் 1951 அளவில் அங்குத் தொடங்கிய சோதனைகள் 1974 வரை நீடித்தன. நிறுவனங்களின் அழகுசாதனங்களும் மருந்துகளும் கைதிகளின் முதுகிலும் கையிலும் ஒட்டிப் பார்க்கப்பட்டன. கைதிகளுட் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். பலர் தீர்ப்பு வழங்கப்படாது, பிணைப்பணம் கட்ட வழியின்றி அடைபட்டுக் கிடந்தவர். சிறையின் ஏனைய வேலைகளுக்குக் கிடைத்த கூலியைவிடப் பல மடங்கு பணம் சோதனைக்கு உடன்படுவோருக்குக் கிடைத்தது. மனிதச் சோதனைக்குத் தன்விருப்பான சம்மதம் இன்றியமையாதது என நியூரம்பேர்க் நெறிக்கோவை 1947இலேயே வகுத்திருந்தது. பிணைக்குப் பணமில்லாதவனின் கையொப்பத்தைத் தன்விருப்பெனக் கொள்ளல் எங்ஙனம் பொருந்தும்?

முன்குறிப்பிட்ட டவ் நிறுவனம் இங்கு மீண்டும் தோன்றுகின்றது. 1964இல் அதன் மிட்லன்ட் ஆலையிலே களைகொல்லி உற்பத்தியில் ஈடுபட்ட தொழிலாளரிடையே குளோரின் பரு பரவியது. அதற்குக் காரணமான டயொக்சின் எவ்வளவு பட்டால் நோய் உண்டாகும் என்பதை ஹோம்ஸ்பர்க் கைதிகளின் தோலிலே அறிந்து தருமாறு அந்நிறுவனம் கிளிக்மனை அமர்த்திற்று. குறைந்த அளவுகளில் விளைவு காணப்படாமையால், நிறுவனம் அனுமதித்ததினும் 468 மடங்கு அதிகமான அளவு 10 கைதிகளுக்குப் பூசப்பட்டது. அவர்களுள் 8 பேருக்குப் பருக்கள் தோன்றின.

இதே காலப்பகுதியிலேயே முகப்பருச் சிகிச்சையும் மாற்றமுற்றது. விற்றமின் ஏ-யிலிருந்து பெறப்படும் றெற்றினோயிக் அமிலம் அடைப்பை நீக்குவதைக் கிளிக்மனும் துணைவரும் 1969இல் எடுத்துரைத்தனர்; 1971இல் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அம்மருந்து தோலை உலர்த்தி உரியச் செய்வது. எனவே எண்ணெய்ப்பசைத் தோலுக்கும் ஈரப்பூச்சு வேண்டும் என்ற முரண்போலத் தோன்றும் தேவை வலுப்பெற்றது. 1972இல் கிளிக்மனும் மில்ஸ் என்பவரும், முகப்பூச்சுகளே வளர்ந்த பெண்களிடத்தில் பருவை உண்டாக்கலாம் எனக் காட்டி, அந்நிலைக்கு 'அழகுசாதனப் பரு' எனப் பெயரிட்டனர். அதற்கு அவர்கள் கையாண்ட கருவி முயலின் காது. தொழிற்சாலை நஞ்சுக்காக வகுக்கப்பட்ட சோதனை இவ்வாறு ஒப்பனை மேசையை வந்தடைந்தது.

இத்தகைய தோற்றமுடைய அளவுகோல் எவ்வளவு உறுதியானது? முயலின் காது மனிதனின் முகத்தைவிட விரைவில் அடைப்புக் கொள்வது. 1989இல் அமெரிக்கத் தோல்நோய் அறிஞர் கூடி ஆராய்ந்தபோது, முயற்சோதனையிலே தீங்கற்றதெனத் தெரிவது மனிதருக்கும் பெரும்பாலும் தீங்கற்றதே என்றும், அதில் அடைப்பு உண்டாக்குவன யாவும் மனிதரிலும் அவ்வாறே செய்யும் எனக் கொள்ளலாகாது என்றும் கருதினர். கூட்டுப்பொருட்களுக்கு 0 முதல் 5 வரை புள்ளியிடும் பட்டியல்கள் இன்றும் வழங்கி வருகின்றன. ஆயினும் புள்ளி மிகுந்த பொருளைக் கொண்ட முழுப்பூச்சு கட்டாயமாகத் துளையை அடைப்பதில்லை என்பதை 2006இல் வெளியான மனிதச் சோதனையொன்று காட்டிற்று. பொருளின் செறிவும் கலவையின் தன்மையுமே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவிலே அச்சொல்லுக்குச் சட்டபூர்வமான வரைவிலக்கணமும் இல்லை.

எனவே தெரிவு செய்பவர் லேபலிலுள்ள சொல்லை ஓர் அறிகுறியாகக் கொள்ளலாமேயன்றி உத்தரவாதமாகக் கொள்ளலாகாது. எண்ணெய்ப்பசையும் ஈரமும் ஒன்றல்ல. நெய் மிகுந்த தோலும் நீரை இழக்கலாம். கிளிசரீன் போன்று நீரை ஈர்த்து வைத்திருக்கும் பொருட்களும், நீரிழப்பைக் குறைக்கும் டைமெதிகோனும் கொண்ட, வாசனையற்ற இலேசான பூச்சுகளே பொதுவாகப் பொருந்துவன. அவற்றையும் சிறிய பகுதியிலே சில வாரங்கள் தடவிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

முன்னாட் கைதிகள் ஏறத்தாழ 300 பேர் 2000இல் தொடுத்த வழக்கு, காலங் கடந்துவிட்டதெனத் தள்ளுபடி செய்யப்பட்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 2021இலும் பிலடெல்பியா நகரம் 2022இலுமே மன்னிப்புக் கோரின. அவ்வேளையில் கிளிக்மன் உயிருடன் இல்லை. கைதிகளுட் பலரும் இல்லை. அறிவின் பயன் சந்தைக்குச் சென்றது. அதன் வலியோ கூலித் தொழிலாளியின் முகத்திலும் கைதியின் முதுகிலும் தங்கிற்று. அவ்வறிவை நாம் துறக்கவேண்டியதில்லை. துறத்தலால் எவருடைய தழும்பும் மாறப்போவதில்லை. ஆயின் அதனை இலவசமாகக் கிடைத்த ஒன்றாகக் கருதும் உரிமை எமக்கில்லை. சம்மதம் என்பது வறுமையாலும் சிறையாலும் நெருக்கப்படாதபோதே சம்மதமாகும் என்ற நெறியை இன்றைய ஆய்வுகூடங்களிலே வற்புறுத்துவதே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.