லயத்துக் காம்பிராவும் மணவிலக்கும்
மலையகத் தோட்டங்களில் முதுவயதுப் பிரிவு: ஒரு வரலாற்று நோக்கு

மணவிலக்கினைத் தனிமனித ஒழுக்கத்தின் பிரச்சினையாகவே நோக்கும் மரபு நம்மிடையே வலுவுடையது. பேரப்பிள்ளைகளைக் கண்ட பின் பிரிவோரைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. எழுந்தாலும் அது ஏளனமாகவே முடிகிறது. ஆயினும் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் ஐம்பது வயதைக் கடந்த பின் பிரிந்து வாழ்வோர் உளர். கணவன் மகனோடும் மனைவி வேறொரு தோட்டத்திலுள்ள மகளோடும் 'ஒதுங்கி' இருப்பர். நீதிமன்றப் படியை இவர்கள் மிதிப்பது அரிது. பிரிவு உண்டு, மணவிலக்கு இல்லை எனும் இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதே நம் வினா.

1884இல் வெளிவந்த குடும்பம் பற்றிய தமது நூலில், தொழிலாளியின் மணவாழ்விலே காக்கவும் கையளிக்கவும் சொத்து எதுவும் இல்லாமையால் ஆணாதிக்கத்தின் பொருளாதார அடித்தளம் அங்கு தகர்ந்துவிடுகிறது என ஏங்கெல்ஸ் வாதித்தார். இலண்டன், மாஞ்செஸ்டர் ஆலைத் தொழிலாளரை மனங்கொண்டு கூறப்பட்ட இக்கருத்து பெருந்தோட்டத்துக்கு அப்படியே பொருந்துவதன்று. இங்குச் சொத்து இல்லை என்பது உண்மை. ஆனால் சொத்தின் இடத்தை வேறு இரண்டு பொருள்கள் நிரப்பின: ஒன்று லயத்துக் காம்பிரா, மற்றது செக்ரோலில் உள்ள பெயர்.

கோப்பிக் காலத்திற் பருவந்தோறும் வந்து திரும்பியோருட் பெரும்பாலோர் ஆண்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைச் செய்கையைத் தொடங்கியதும், 1869 முதற் பரவிய இலைநோய் கோப்பியை அழித்ததும் இந்நிலையை மாற்றின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். எனவே குடும்பமே ஆட்சேர்ப்பின் அலகாயிற்று. கங்காணியின் கடன் குடும்பத்தைப் பிணைத்தது. கடன் தொகையைக் குறிக்கும் துண்டு இல்லாமல் வேறு தோட்டம் செல்லவியலாது. துண்டு முறை 1921இல் ஒழிந்தபின்னரும் காம்பிரா வேலையோடு கட்டுண்டே இருந்தது. வேலை போனால் கூரையும் போகும். சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை தற்செயலன்று.

அக்காம்பிரா பொதுவாகக் கணவனின் பெயரிலேயே வழங்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கூலியை விதித்தது. 1984இலேதான் நாட்கூலி சமமாயிற்று. அவள் உழைத்த சம்பளத்தைக் கணவன் சென்று வாங்கும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது. கணவனை விட்டு நீங்கும் பெண், கணவனை மட்டுமன்றிக் கூரையையும் இழந்தாள் என்பது இதன் பொருள்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். தமிழகத்திலிருந்து இம்மக்கள் கொணர்ந்த வழக்கங்களிலே, குடிக்கூட்டத்தின் முன் உறவைத் தீர்த்து மறுமணம் செய்யும் 'அறுத்துக்கட்டு' ஒன்றாகும். இலங்கைச் சட்டம் இவர்களின் வழக்கப்படியான திருமணத்தை ஒருவாறு ஏற்றது. கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தோரை, மாறாக நிறுவப்படும் வரை, மணமானோராகவே கொள்ளவேண்டும் என 1881இல் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் வழக்கிற் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கப்படி செய்த மணத்தை வழக்கப்படியே தீர்க்கும் உரிமையைச் சட்டம் வழங்கவில்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுச் சட்டம் மணவிலக்குக்கு மூன்று காரணங்களையே அனுமதித்தது: மணத்தின் பின்னான பிறர்மனை நயத்தல், தீயநோக்குடன் கைவிடல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. ஒருவர் குற்றவாளி என மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவப்படல் வேண்டும். குற்றமே மணவிலக்கின் அடிப்படை என்பதை 1986இல் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது.

இதே மலைநாட்டிற் கண்டியச் சிங்கள மக்களின் நிலை வேறாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் மணமுறையைக் குடியேற்ற ஆட்சியின் ஒழுக்கத்துக்கு இயைய மாற்ற முயன்றது. மக்கள் அதனை ஏற்காமையால் 1870இற் பரஸ்பர சம்மத மணவிலக்கு மீண்டும் இடம்பெற்றது. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்திலும் அது நிலைத்தது. வழக்காடாமல் மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே அதனைப் பெறலாம். தோட்ட எல்லைக்கு அப்பால் வாழும் கிராமத்து முதியோர் குற்றஞ்சாட்டாமல் விலகலாம். எல்லைக்கு இப்பால் வாழும் தொழிலாளர் விலகவியலாது. நிலமும் கிராமமும் உடையோரின் வழக்கத்தோடு அரசு இணங்கியது. நிலமற்றோரின் வழக்கத்தை அது பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டு வாழ்ந்து சலித்த இருவருள் எவர் குற்றவாளி எனும் வினாவுக்கு விடையில்லை. விடையில்லாத இடத்தில் விலக்கும் இல்லை.

பிரசாவுரிமை இச்சிக்கலை மேலும் இறுக்கியது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் 1949ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதன்படி மணமானவர் ஏழு ஆண்டு தொடர்ச்சியாக வசித்தமையைக் காட்டினாற் போதும். மணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் பத்து ஆண்டைக் காட்டவேண்டும். மணவாழ்வு முறிந்ததன் தண்டம் மூன்று ஆண்டு! 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிக்கைகளாகப் பகுத்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். வயதுவந்த பிள்ளைகள் ஒரு நாட்டிலும் பெற்றோர் மறுநாட்டிலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. பிள்ளைகளே முதுமையின் காப்பு எனும் சமூகத்தில், தாய் எந்தப் பிள்ளையோடு, தந்தை எந்தப் பிள்ளையோடு எனும் வினா தம்பதியரின் பிரிவாகவும் முடியக்கூடியது. 1984இல் இராமேஸ்வரம் - தலைமன்னார்க் கப்பல் நின்றபின் அக்கடல் மேலும் அகன்றது. அரசுகள் விளைவித்த இத்தகைய பிரிவைத் 'தீயநோக்குடன் கைவிடல்' எனும் சொற்றொடருள் அடக்குவது எங்ஙனம்? 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கியது. பிளவுண்ட குடும்பங்களை அது மீண்டும் சேர்த்துவிடவில்லை.

முதுவயதில் ஒரேயொரு மாற்றம் பெண்ணுக்குச் சாதகமானது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி பெண் ஐம்பதிலும் ஆண் ஐம்பத்தைந்திலும் தம் சேமிப்பைப் பெறலாம். வாழ்நாளில் முதன்முறையாக அவள் பெயரில், கணவனின் கைப்படாது, ஒரு தொகை வருகிறது. இளமையிற் பொறுத்தவள் முதுமையில் விலகத் துணிவதை மனமாற்றமாகக் கொள்வோர் இப்பொருளியல் அடிப்படையைக் காணத் தவறுகின்றனர். ஆனால் ஓய்வுபெறும்போது செக்ரோலிலிருந்து அவள் பெயரும் நீங்குகிறது. அப்போது காம்பிராவில் இருக்கும் உரிமையும் தளர்கிறது. நீதிமன்றத்துக்குச் சென்றாலோ, வட கிழக்குக்கு வெளியே வழக்கேடுகள் சிங்களத்திலேயே அமைகின்றன. மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகவே தன் வாழ்வை அவள் கூறவேண்டும். ஆகவே தோட்டத் தலைவரின் மத்தியஸ்தத்தோடு நின்றுவிடுகிறாள். அம்மத்தியஸ்தம் பெரும்பாலும் 'இந்த வயதில் எதற்கு?' எனும் அறிவுரையாகவே முடிகிறது.

ஒதுங்கியிருப்பதைப் பண்பாட்டின் பெருமையாகவோ பொறுமையின் சின்னமாகவோ போற்றுவதற்கில்லை. வேறு வழி அடைக்கப்பட்டமையின் விளைவு அது. கூலி, பிரசாவுரிமை ஆகியவற்றுக்காகப் போராடிய தொழிற்சங்க இயக்கம் குடும்பத்தைத் தன் எல்லைக்குப் புறம்பானதாகவே கருதிவந்துள்ளது. வீட்டுரிமை இருவர் பெயரிலும் அமைதல், குற்றமற்ற மணவிலக்கு எல்லாச் சமூகத்தினருக்கும் கிட்டுதல், தமிழில் வழக்காட வாய்ப்பிருத்தல் ஆகிய மூன்றும் தொழிலாளர் கோரிக்கைகளே. நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்தவளுக்கு, யாரோடு வாழ்வது என்பதைத் தீர்மானிக்கவும் ஒரு கூரை வேண்டும்.