வில்லின் குறியும் தொலைவின் கணக்கும்

வேட்டை வில்லில் குறிபார்க்கும் கருவியைப் பொருத்துவதைத் திறன்குறைவின் அடையாளமாகக் கருதும் மரபுவாதிகள் இன்றும் உண்டு. அக்கருவியின் வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது. அது தீர்க்க முயன்ற சிக்கல் கண்ணின் கூர்மை பற்றியதன்று; தொலைவைக் கணிப்பது பற்றியது.

1545-இல் வெளிவந்த 'டாக்ஸோஃபிலஸ்' நூலில் ரோஜர் ஆஸ்கம், வில்லாளியின் பார்வை அம்பின்மீதன்றி இலக்கின்மீதே நிலைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1856-இல் நூலெழுதிய ஹொரேஸ் ஃபோர்டு அம்புமுனையையே குறியாகக் கொள்ளும் முறையை வகுத்தார். அம்முறை போட்டிக்களத்தில் வென்றது. அங்கே இலக்குகள் 100, 80, 60 கெஜம் என முன்பே அளந்து நிறுத்தப்பட்டிருந்தன. காட்டு விலங்கோ அளந்த தொலைவில் வந்து நிற்பதில்லை.

இதற்குப் பழைய வேட்டை மரபுகள் கண்ட விடை, தொலைவையே குறைப்பது. யாஹி இனத்தின் கடைசி மனிதராக 1911-இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்ட இஷி, துன்புறும் முயலின் ஒலியை எழுப்பி விலங்குகளைத் தம்மருகே வரவழைத்தார். அவரிடம் வில்வேட்டை கற்ற அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், 1923-இல் வெளியிட்ட நூல் அமெரிக்காவில் வில்வேட்டைக்குப் புத்துயிர் அளித்தது.

திருப்பம் வில்லின் அமைப்பிலிருந்து வந்தது. ஹாலிஸ் வில்பர் ஆலன் உருவாக்கிய கூட்டுவில் 1969-இல் காப்புரிமை பெற்றது. முழுதாக இழுத்த நிலையில் கையின்மீதான சுமையை அதன் உருளைகள் குறைத்தன; நிதானமாகக் குறிபார்க்க அவகாசம் கிடைத்தது. 20, 30, 40 கெஜம் என ஒவ்வொரு தொலைவுக்கும் ஓர் ஊசி கொண்ட கருவி பொருளுடையதானது இவ்வாறுதான்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 30 மீட்டருக்குக் குறிவைத்த அம்பு 35 மீட்டரில் நிற்கும் மானை நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். காற்றின் தடையை விலக்கிப் பார்த்தால், நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் தாழ்ந்து படும். 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 12 சென்டிமீட்டர் தாழும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியின் குறுக்களவோ 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். ஆகவே அதன் நடுவைக் குறிவைத்தாலும், ஐந்து மீட்டர்ப் பிழை விரைந்த அம்பையும் விளிம்புக்குத் தள்ளிவிடும். விளைவு உடனடி மரணமாக இராமல், காயத்துடன் தப்பியோடும் விலங்காக இருக்கக்கூடும்.

கருவியைத் தேர்வதில் உள்ள முரண்பாடும் இதுவே. பல ஊசிகள் இருந்தால் விலங்கு நகரும்போது வில்லைத் தளர்த்தாமலே அடுத்த ஊசிக்கு மாறலாம். ஆனால் பதற்றத்தில் தவறான ஊசியைத் தேர்ந்துவிடலாம். நகர்த்தக்கூடிய ஒற்றை ஊசியில் காட்சி தெளிவாக இருக்கும். ஆனால் அமைத்தபின் விலங்கு இரண்டடி முன்னேறினாலே கணக்கு மாறத் தொடங்கும். லேசர் தொலைவுமானி கணிப்புப் பிழையைக் குறைத்தது. விலங்கின் அசைவை அதனால் நிறுத்த இயலவில்லை.

போப், ஆர்ட் யங் ஆகியோர் பெயரில் 1961-இல் தோன்றிய அமெரிக்க வில்வேட்டைக் கழகம், வில்லிலேயே பொருத்தப்பட்டுத் தொலைவை அளக்கும் மின்னணுக் கருவியால் வீழ்த்திய விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்க மறுத்துவந்தது. எந்தக் கணிப்பைக் கருவியிடம் ஒப்படைக்கலாம், எது மனிதரிடமே இருக்க வேண்டும் என்பதே அவ்விதியின் பின்னுள்ள வினா.

தமிழில் 'குறி' என்பது இலக்கையும் சுட்டும். அதை நோக்கிய கருத்தையும் சுட்டும். ஊசிகள் முதற்பொருளுக்கு உதவுகின்றன. எந்தத் தொலைவுக்கு அப்பால் அம்பை விடாதிருப்பது என்ற முடிவு இரண்டாம் பொருளைச் சேர்ந்தது. அதற்கான ஊசி எக்கருவியிலும் இல்லை.