வானத்துக்கு உரிமம்

விண்ணில் ஏவூர்தி விடுவதற்கும் உரிமமா என்று நகைப்போர் உண்டு. சாராயக் கடைக்கு உரிமம், தோல் ஆலைக்கு உரிமம், இனி வானத்துக்குமா என்கின்றனர். ஆம், வேண்டும் என்போம் நாம்.

1957 இல் சோவியத் நாடு முதல் செயற்கைக்கோளை ஏவிய நாளில் வானம் அரசுகளின் களம். வணிகர்க்கு அங்கே வேலையில்லை. ஆயினும் 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை தொலைநோக்கோடு ஒன்று சொன்னது: தனியார் விண்ணில் எது செய்யினும் அவர்தம் நாடே பொறுப்பு, அரசின் அனுமதி வேண்டும், இடையறாத மேற்பார்வையும் வேண்டும். 1972 இன் உடன்படிக்கையோ, ஏவிய பொருள் பிறநாட்டு மண்ணில் விழுந்து கேடு செய்தால், பிழை யாருடையது என்று கேளாமலே ஏவிய நாடு ஈடு தரவேண்டும் என்றது. ஏட்டுச் சுரைக்காய் அன்று இது! 1978 இல் அணு உலை சுமந்த காஸ்மாஸ் 954 கனடாவின் பனிவெளியில் சிதறியது. கனடா ஈடு கேட்டது. 1981 இல் முப்பது லட்சம் கனடிய டாலர் தரச் சோவியத் அரசு இசைந்தது.

பின்னர் வணிகர் வந்தனர். அமெரிக்கா 1984 இலேயே உரிமச் சட்டம் இயற்றிற்று. 2001 இல் டென்னிஸ் டிட்டோ என்னும் செல்வர் பணம் கட்டி விண்ணுலா போனார். 2004 இல் அந்நாடு செய்த திருத்தம் விந்தையானது: ஆபத்தை எழுத்தில் உரைத்துப் பயணியின் கையொப்பம் பெற்றால் போதும், பயணியின் பாதுகாப்புக்கென விதி செய்வதைச் சில ஆண்டு நிறுத்திவை என்றது. சில ஆண்டு என்றது நீண்டுகொண்டே போகிறது. வான்வழி வருவோன் கையொப்பமிட்டான். கீழே நிற்போன் எதில் கையொப்பமிட்டான்?

நம் நாட்டில் 2020 இல் இன்ஸ்பேஸ் அமைப்பு அறிவிக்கப்பட்டது. அதன் அனுமதியோடு 2022 நவம்பர் 18 இல் ஐதராபாத் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் பறந்தது. 2024 மே 30 இல் சென்னை இளைஞர்களின் அக்னிபாண் பறந்தது. நம் நெஞ்சும் நிமிர்ந்தது, மறைப்பானேன்? ஆனால் ஊக்குவிப்பதும் அனுமதிப்பதும் அந்த ஒரே அமைப்பு. தட்டிக்கொடுக்கும் கையே கடிவாளமும் பிடிக்கிறது. 2017 இல் விண்வெளிச் சட்ட வரைவு வெளியாயிற்று, அது சட்டமாகவில்லை. 2023 இல் வந்தது கொள்கை. கொள்கையை அமைச்சரவை மாற்றலாம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் கூடவேண்டும்.

உரிமம் வேறு, மேற்பார்வை வேறு. பேரணாம்பட்டில் வாழும் நமக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டா. இத்தோல் வட்டாரத்தில் ஆலைக்கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தபின்பே, 1996 ஆகஸ்ட் 28 இல் உச்சநீதிமன்றம், கெடுத்தவனே ஈடு தரவேண்டும், கேட்டை வருமுன் தடுக்கவேண்டும் என்றது. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. கிணறு கெட்டபின் வந்த நீதி!

2024 பிப்ரவரி 28 இல் குலசேகரப்பட்டினத்தில் சிறு ஏவூர்திகளுக்கான தளத்திற்கு அடிக்கல் நாட்டினர். அந்த 1972 உடன்படிக்கை ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்குப் பொருந்தாது என்பதை அங்குள்ள மீனவர்க்குச் சொன்னவர் யார்? வானிலிருந்து விழுந்த துண்டால் அயல்நாட்டான் படகு உடைந்தால் ஈடு கேட்க உடன்படிக்கை உண்டு. குலசை மீனவன் படகு உடைந்தால், தோழர்களே, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை அவன் நீட்டுவான்?