நாக்ஸ் சகோதரர்கள்: செய்யுளில் சிக்கிய ரகசியம்

சங்கேதத்தை உடைக்கறதுன்னா கணக்குதான் என்போம், எங்கள் ஐ.டி. வட்டாரத்தில். நாக்ஸ் சகோதரர்களின் கதை வேறு மாதிரி.

டில்லி நாக்ஸ் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்தவர். கிழிந்த பாப்பிரஸ் சுருள்களில், ஹெரோடாஸ் என்ற பழங்கவியின் விடுபட்ட எழுத்துகளை ஊகித்து நிரப்பியவர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் 'அறை 40'இல் ஜெர்மன் சங்கேதங்களோடு உட்கார்ந்தார். தம்பி ரொனால்டும் உளவுப்பணிக்கு வந்தார். ஒரு செய்தியில் 'என்' என்ற அசை திரும்பத் திரும்ப வருவதை டில்லி கவனித்தாராம். செய்யுளின் ஓசை! அனுப்பியவன் அனுப்பியது ஷில்லரின் கவிதை. பூட்டு திறந்துவிட்டது.

அடுத்த போரில் எதிரே எனிக்மா இயந்திரம். அது எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. டில்லியின் குழுவில் இருந்த மேவிஸ் லீவர், ஒரு செய்தியில் 'எல்' எழுத்தே இல்லை என்று கண்டுபிடித்தார். சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னதற்கு, ஆபரேட்டர் சோம்பல்பட்டு 'எல்'லையே தட்டிக்கிட்டு இருந்திருக்கான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. இயந்திரத்துக்குப் பின்னாடி இருக்கிற மனுஷனையும் வாசிக்கணும். டில்லி கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

டில்லி 1943இல் இறந்தார். ரொனால்ட் லத்தீன் பைபிளைத் தனியாளாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, 1957இல் மறைந்தார். எனிக்மா ரகசியம் ஊரறிய வெளிவந்தது 1974இல். தம்பியின் உழைப்பு அவர் பெயரோடு அச்சானது. அண்ணனின் ஆகச்சிறந்த வாசிப்பு, அதுவரை யாரும் வாசிக்க முடியாத கோப்புகளில் கிடந்தது.