கல்கத்தாவில் பிறந்த தற்காப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் கல்கத்தாவில் பாரிஸ்டராக விளங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேன் என்பவரை எதிர்த்துச் சதுரங்கத்தில் நிற்கத்தக்கவர், அதுகாறும் எவரிடமும் தோற்றறியாத வங்காள அந்தணர் மகேச சந்திர பானர்ஜி ஒருவரே என்று, 1850இல் லண்டன் சதுரங்கப் பத்திரிகையொன்றில் வெளியான கடிதம் கூறுகிறது. காக்ரேனோ சாகசப் பிரியர். 1848இல் இதே மகேசருக்கு எதிராக நான்காம் நகர்விலேயே ஒரு குதிரையைப் பலியிட்டு ஆடியவர். அவ்விருவரும் ஆடிய ஆட்டங்கள் நூற்றுக்கணக்கானவை.

நம் நாட்டுச் சம்பிரதாயத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அம்முறையில் ஊறியவர், பலகையின் மத்தியை எதிரிக்கு விட்டுக்கொடுத்து, ராஜாவின் பக்கத்து மந்திரியை மூலையருகே ஒதுக்கி வைத்து, நீண்ட கோணல் வழியே அதன் பார்வையைச் செலுத்துவது இயல்பே என்பது என் அபிப்பிராயம். ஐரோப்பியருக்கு அது விநோதமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1855இல் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தில், கறுப்புக் காய்களை ஆண்ட மகேசர், முதலில் குதிரையையும், அடுத்து மந்திரிக்கு வழிவிடும் சிப்பாயையும் நகர்த்தியபின், மூன்றாம் நகர்வில் ராணியின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சி, வெள்ளையின் மத்தியை நேருக்கு நேர் தாக்கினார். ஆட்டத்தின் முடிவு அவருக்கு அநுகூலமாக இல்லை. பதினெட்டாம் நகர்வில் காக்ரேனின் குதிரை ராஜாவின் வாசலிலிருந்த சிப்பாயை வெட்டி உட்புக, மகேசர் தம் குதிரையால் வெள்ளை ராணியைத் தாக்கினார். ஆனால் அந்த ராணியோ தன்னையே பலிகொடுத்து, கறுப்பு யானையை அதன் ராஜாவுக்கு அருகே இழுத்து, மூச்சுவிட இடமின்றிச் சூழப்பட்ட அவ்வரசனை வெள்ளைக் குதிரை மடக்குவதற்கு வழிசெய்யும் நிலை முன்னரே அமைந்துவிட்டது. இனி மூன்றே நகர்வுகளில் ஆட்டம் முடிவது நிச்சயம்.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 1922இல் வியன்னாவில், ஆஸ்திரிய ஆட்டக்காரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு இதே தற்காப்பைக் கையாண்டு, பின்னாளில் உலகச் சாம்பியனான அலெகினையே வீழ்த்த, அது குருன்ஃபெல்டின் பெயரால் பிரசித்தி பெற்றது. 1956இல் நியூயார்க்கில் பதின்மூன்று வயதுச் சிறுவன் பாபி பிஷர் ராணியைத் தியாகம் செய்து வென்ற புகழ்பெற்ற ஆட்டமும் இவ்வகையினதே. குருன்ஃபெல்டின் ஆராய்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. எனினும் முதலில் ஆடியவரின் பெயரைப் பாடநூல்கள் ஓரத்துக் குறிப்பாகவே வைத்திருப்பதும் நியாயமன்று. ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பொதுப்பெயரில் மட்டும் அவருடைய தேசம் நிற்கிறது. இத்தற்காப்பைப் பயிலும் நம் இளைஞர்கள், அலெகின் தோற்ற ஆட்டத்தைப் புரட்டுமுன், மகேசர் தோற்ற ஆட்டத்தை ஒருமுறை பலகையில் வைத்துப் பார்ப்பார்களாக.